மெயிலர்-டீமன் அனுப்பிய கடிதங்கள்

2006 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை கந்தோருக்குப் போய்க் கணினியைத் திறந்தேன். என் பெயருக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் வந்து கிடந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் எழுதி வந்தவன் நான். என் கட்டுரை எதற்கும் ஒரே நாளில் ஏழு கடிதங்களுக்கு மேல் வந்ததில்லை. அந்த ஏழிலும் மூன்று அச்சுப்பிழையைச் சுட்டிக்காட்டுபவையாக இருக்கும். ஆகவே ஒரு கணம் மனம் பூரித்தது என்பதை மறைப்பானேன்.

பூரிப்பு அரை நிமிடம் நிலைக்கவில்லை. ஏறத்தாழ அத்தனை கடிதங்களையும் அனுப்பியவரின் பெயர் ஒன்றே: மெயிலர்-டீமன். "நீங்கள் அனுப்பிய மடலைச் சேர்ப்பிக்க முடியவில்லை" என்பதே செய்தி. ஆங்கிலத்தில் வந்தவை பாதி. ஜேர்மன் மொழியிலும் ரஷ்ய மொழியிலும் எனக்கு எழுத்தே புரியாத வேறு மொழிகளிலும் வந்தவை மீதி. ஒவ்வொன்றின் அடியிலும் 'நான் அனுப்பிய' மடல் இணைக்கப்பட்டிருந்தது. படித்துப் பார்த்தேன். ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை விற்கிறேன். சுவிஸ் கைக்கடிகாரங்களின் போலிகளை மலிவு விலைக்குத் தருகிறேன். இடையே உண்மையான மனிதர் ஒருவரின் கடிதமும் இருந்தது. ஒரு பத்திரிகையாளன் இப்படிப் பிழைப்பதற்கு வெட்கப்பட வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். வெட்கமாகத்தான் இருந்தது.

எங்கள் கந்தோரின் கணினிகளையும் அஞ்சல் வழங்கியையும் பராமரிக்க ஒரு தம்பி இருந்தார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையை இரண்டு நிமிடம் பார்த்தார்.

"ஐயா, இது எங்கட சேர்வரிலயிருந்து போகேல்லை. ஆரோ உங்கட விலாசத்தைப் போட்டு அனுப்பியிருக்கிறான். போகாத கடிதமெல்லாம் உங்களிட்டத் திரும்புது."

"என்ர விலாசத்தை ஆர் வேணுமெண்டாலும் போடலாமோ?"

"போடலாம் ஐயா. கேக்க ஆளில்லை."

இந்தக் "கேட்க ஆளில்லை" என்ற விடயம் எனக்குப் புரியப் பல நாட்கள் சென்றன. எனக்குப் புரிந்த விதத்திலேயே இங்கே சொல்கிறேன்.

தபாலில் போகும் கடிதத்துக்கு உறை என்றும் உள்ளே தாள் என்றும் இரண்டு உண்டல்லவா? மின்னஞ்சலுக்கும் அப்படியே. நாம் திரையில் பார்க்கும் 'அனுப்புநர்', 'பெறுநர்' என்பவை தாளில் எழுதப்பட்டவை. அஞ்சல் வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது பயன்படுத்துவது உறை; அது நம் கண்ணில் படுவதில்லை. கடிதம் கொண்டுவரும் வழங்கி முதலில் ஒரு முகமன் கூறும். பிறகு "இது இன்னாரிடமிருந்து" என்று சொல்லும். அடுத்து "இன்னாருக்கு" என்று சொல்லும். இறுதியாகக் கடிதத்தைக் கொடுக்கும். ஒவ்வொரு வரிக்கும் மறுபக்கத்து வழங்கி ஓர் எண்ணால் பதில் கூறும். 250 என்றால் சரி. 550 என்றால் அப்படி ஒருவர் இங்கில்லை. 4இல் தொடங்கும் எண் வந்தால், இப்போது வசதியில்லை, பிறகு வா என்று பொருள். இந்த உரையாடலை வகுத்தவர் ஜோன் போஸ்ரெல். 1982 ஓகஸ்டில் வெளிவந்த ஆர்.எப்.சி. 821 என்ற ஆவணம் அது. அக்காலத்து இணையவலையில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுகூடங்களும். ஒருவரையொருவர் அறிந்தவர்கள். "இது இன்னாரிடமிருந்து" என்று சொன்னால் அதை நம்புவதே மரியாதை. பொய் சொல்வான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

திரும்பிவரும் மடலும் அந்த மரியாதையிலிருந்து பிறந்ததுதான். 250 என்று சொல்லிக் கடிதத்தை வாங்கிய கணத்திலிருந்து பொறுப்பு வாங்கிய வழங்கியுடையது. ஒன்று, அதை உரியவரிடம் சேர்க்கவேண்டும்; முடியாவிட்டால் அனுப்பியவருக்கு அறிவிக்கவேண்டும். ஓசைப்படாமல் தொலைத்துவிடக் கூடாது. பத்திரிகைக் கந்தோரில் நாங்கள் வளர்ந்ததும் இதே ஒழுங்கில்தான். சிறுகதை அனுப்புகிறவர் தம் விலாசம் எழுதி முத்திரை ஒட்டிய உறை ஒன்றையும் உள்ளே வைத்து அனுப்புவார். பிரசுரமாகாவிட்டால் பிரதி திரும்பிப் போகும். வருந்துகிறோம் என்ற சீட்டோடு பிரதியைத் திருப்பிப் பெற்றவர்களில் பலர் பின்னாளில் நல்ல எழுத்தாளராகியிருக்கிறார்கள். பதிலே பெறாதவர்கள்தான் எங்களை மன்னிக்கவில்லை.

'டீமன்' என்ற பெயரைக் கண்டு முதலில் பேய் என்றுதான் நினைத்தேன். பின்னணியில் அமைதியாக ஓடும் நிரலுக்கு அப்பெயரை 1963 அளவில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள் இட்டார்களாம். மக்ஸ்வெல் என்ற பௌதிகவியலாளர் கற்பனை செய்த ஒரு சிறு பூதம் அது. சின்னஞ்சிறு வாசல் ஒன்றில் நின்றுகொண்டு, வரும் மூலக்கூறுகளில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பிரிக்கிற வாயிற்காவலன். எங்களுக்கு வந்த தொல்லை முழுவதும், அஞ்சல் பூதம் வாசலில் நிற்காததால் வந்தது என்பதைத் தம்பி பிறகுதான் எனக்கு விளக்கினார்.

பிறர் பெயரில் கடிதம் போடும் இந்தக் கயமை புதிதன்று. 1997இல் ஜோ டோல் என்பவர் நடத்திய ஜோஸ் டொட் கொம் என்ற தளத்திலிருந்து, குப்பை அஞ்சல் அனுப்பிய ஒருவனை நீக்கினார்கள். அவன் அந்தத் தளத்தின் பெயரிலேயே பெருந்தொகையான குப்பை மடல்களை அனுப்பிப் பழிதீர்த்தான். திரும்பிய மடல்களும் வசைகளும் அத்தளத்தின் மீது கொட்டின. 'ஜோ ஜொப்' என்று அவ்வகைக்குப் பெயரே நிலைத்துவிட்டது. 2003 ஓகஸ்டில் பரவிய சோபிக் எப் என்ற வைரஸ், தொற்றிய கணினியில் கிடைத்த விலாசங்களில் ஒன்றை அனுப்புநராகப் போட்டுக்கொண்டு பிறருக்குப் போயிற்று. அதைக் கண்டுபிடித்த நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்கள், "உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது" என்று அந்த அப்பாவி விலாசக்காரருக்கு எச்சரிக்கை அனுப்பின. வைரசின் தொல்லையோடு எச்சரிக்கையின் தொல்லையும் சேர்ந்துகொண்டது. 2004 ஜனவரியில் வந்த மைடூம் ஒருபடி மேலே போய், தன்னையே திரும்பிவந்த மடல் போல வேடமிட்டது. என்ன கடிதம் திரும்பிவிட்டதோ என்ற பதற்றத்தில் இணைப்பைத் திறந்தவர்கள் அகப்பட்டார்கள்.

என் விடயத்தில் எவருக்கும் என்மேல் பகையில்லை. ஏதோ ஒரு பட்டியலில் என் விலாசம் கிடைத்திருக்கிறது; எடுத்துப் போட்டுவிட்டான். ஆங்கிலத்தில் இதற்கு வைத்திருக்கும் பெயரைப் 'பின்தெறிப்பு' என்று தமிழாக்கலாம். ஒருவன் சுவரில் சேற்றை எறிகிறான். அது தெறித்துப் பாதையால் போகிறவன் வேட்டியில் படுகிறது.

திரும்பிய மடல்களில் மிகப் பெரிய பங்கு ஒரே இடத்திலிருந்து வந்திருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று. தம்பி அவர்களுடைய 'போஸ்ட்மாஸ்டர்' விலாசத்துக்கு எழுதினார். அஞ்சல் ஏற்கும் ஒவ்வொரு நிறுவனமும் அந்தப் பெயரில் ஒரு பெட்டி வைத்திருக்கவேண்டும் என்பது இணையத்தின் எழுதப்பட்ட விதி. எங்கள் கடிதமும் திரும்பி வந்தது. பெட்டி நிறைந்துவிட்டதாம். அன்று ஆசிரியபீடமே சிரித்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

வேறு வழியாக அங்குள்ள நிர்வாகியைப் பிடித்தார். இரண்டு நாளில் பதில் வந்தது: "மடல்கள் உங்களிடமிருந்து வந்தன. சேர்ப்பிக்க முடியாததால் விதிப்படி திருப்பினோம்." தம்பி விடவில்லை. மடலின் தலைப்பகுதியில், அது கடந்துவந்த ஒவ்வொரு வழங்கியும் தன் முத்திரையைக் குத்தியிருக்கும். கீழிருந்து மேலாக வாசிக்கவேண்டும். அனுப்புகிறவன் கீழே எத்தனை பொய்யும் எழுதி வைக்கலாம். ஆனால் பெற்றுக்கொண்ட வழங்கி தானே குத்திய முத்திரையை அவனால் மாற்ற முடியாது. அந்த முத்திரையில் இருந்த எண், வேறொரு கண்டத்தில் யாரோ ஒருவரின் வீட்டு இணைய இணைப்பு. அக்கணினியின் சொந்தக்காரருக்கே தன் இயந்திரம் இரவு முழுவதும் கடிதம் போடுவது தெரிந்திராது. இதையெல்லாம் எழுதி, "எங்களிடமிருந்து வரவில்லை என்பதற்கு உங்கள் முத்திரையே சாட்சி" என்று முடித்தார். நல்ல ஆங்கிலம். பத்திரிகைக்கு எழுதியிருக்கலாம்.

வந்த பதிலோடு தம்பி என் மேசைக்கு வந்தபோது முகம் கறுத்திருந்தது. அந்த நிர்வாகி நிதானமாக எழுதியிருந்தார். நீங்கள் சொல்வது சரி. ஆனால் உங்கள் வழங்கியும் இதையேதான் செய்கிறது, எங்கள் பேராசிரியர்கள் சிலருக்கு உங்களிடமிருந்து இத்தகைய மடல்கள் வந்துள்ளன, இதோ பாருங்கள் என்று மாதிரியும் இணைத்திருந்தார்.

தம்பி அங்கேயே பரிசோதித்தார். எங்கள் பத்திரிகையின் முகவரியில், இல்லாத ஒரு பெயருக்கு வெளியிலிருந்து மடல் அனுப்பினார். எங்கள் வழங்கி 250 என்று மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டது. சிறிது நேரத்தில் "அப்படி ஒருவர் இங்கில்லை" என்று திருப்பி அனுப்பியது. வாசலில் ஒரு வழங்கி, உள்ளே ஒரு வழங்கி என்ற அமைப்பு எங்களுடையது. வாசலில் நின்றதற்கு உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது. வந்ததையெல்லாம் வாங்கி உள்ளே கொடுத்தது. உள்ளே உள்ளது மறுத்ததும், உறையின் பின்புறத்திலிருந்த விலாசத்துக்குத் திருப்பியது. நாங்களும் பிறர் வேட்டியில் சேறு தெறிக்க வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்.

வாசலிலேயே மறுத்தால் என்ன நடக்கும் என்று கேட்டேன். அந்த விளக்கம் எனக்கு இன்றும் பிடிக்கும். "இன்னாருக்கு" என்று சொன்ன உடனேயே 550 என்று சொல்லிவிட்டால், கடிதம் கொண்டுவந்தவன் கையிலேயே நிற்கும். கொண்டுவந்தது நேர்மையான வழங்கியென்றால், அது தன் வீட்டு ஆளிடமே போய், நீ எழுதிய விலாசம் பிழை என்று சொல்லும். கொண்டுவந்தது களவு இயந்திரமென்றால், கடிதத்தை எறிந்துவிட்டு அடுத்த விலாசத்துக்கு ஓடும். உலகத்தில் எவன் வேட்டியிலும் ஒரு துளி படாது. அந்நாட்களில் பரவலாகப் பயன்பட்ட போஸ்ற்பிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருளின் கைநூலில் இதற்கென்றே ஒரு பகுதி இருந்தது. செய்யவேண்டியது, வாசலில் நிற்பதற்குப் பெயர்ப்பட்டியல் ஒன்றைக் கொடுப்பதுதான்.

பட்டியல்! அது எங்கள் கந்தோரில் எவரிடமும் இருக்கவில்லை. யார் இருக்கிறார், யார் போய்விட்டார், யாருக்கு எந்தப் பெயரில் பெட்டி என்று நிர்வாகப் பிரிவோடு தம்பி மல்லுக்கட்டினார். ஓய்வுபெற்று ஐந்து ஆண்டுகளான ஒருவரின் பெட்டி திறந்தே கிடந்தது. அதற்குள் வாசகர் கடிதங்கள், எவரும் படிக்காமல்.

பட்டியல் தயாராகும் வரை என்னால் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு காலையும் முந்நூறு நானூறு வந்து நிறைந்தன. அலுவல் கடிதங்களைத் தேடி எடுக்கவே ஒரு மணிநேரம் போயிற்று. மெயிலர்-டீமன் என்ற பெயரில் வருவதெல்லாவற்றையும் என் கண்ணில் காட்டாமலே அழித்துவிடச் சொன்னேன்.

தம்பி தயங்கினார். "ஐயா, நீங்கள் உண்மையா அனுப்பின கடிதம் திரும்பினாலும் தெரியாமல் போகும்."

"நான் ஆருக்குத் தம்பி பிழையான விலாசம் எழுதப்போறன்?" என்றேன்.

அவர் வயதில் இளையவர். நான் சொன்னபடி செய்தார்.

அந்த ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் போவதென்றால் விமானம் அல்லது கப்பல். இரண்டுக்கும் அனுமதிக்கும் இடத்துக்கும் காத்திருக்கவேண்டும். தொலைபேசி கிடைக்கும் நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. டிசெம்பர் நடுப்பகுதியில் ஓர் இரவு, ஊரிலிருந்து என் வீட்டுக்கு அழைப்பு வந்தது. என் பள்ளித்தோழன் ஒருவனின் தாயார் கடுமையாக நோயுற்றிருந்தார். தோழன் ரொறன்ரோவில் இருந்தான். அவனுடைய புதிய தொலைபேசி எண் ஊரில் உள்ளவர்களிடம் இல்லை. பக்கத்து வீட்டு எண் ஒன்றைச் சொல்லி, பின்னேரம் ஐந்து மணிக்கு அம்மாவை அங்கே கதிரையில் தூக்கி வந்து இருத்துவோம், அவன் எடுத்தால் குரலையாவது கேட்கட்டும் என்றார்கள்.

என்னிடமிருந்த அவனுடைய தொலைபேசி எண்ணும் பழையதே, அழைத்தேன், இயங்கவில்லை. அன்றிரவே கந்தோருக்குப் போய் மின்னஞ்சல் எழுதினேன். விடயம், எண், நேரம் எல்லாவற்றையும் தெளிவாகவே எழுதினேன். அனுப்பினேன். மறுநாள் பதில் இல்லை. பதற்றத்தில் இருப்பான், நேரே ஊருக்கு எடுத்திருப்பான், எனக்கு எழுத நேரம் எங்கே என்று எண்ணிக்கொண்டேன். திரும்பி வரவில்லை அல்லவா; ஆகவே போய்ச் சேர்ந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தேன்.

அவன் இணையச் சேவையை மாற்றியிருந்தான். பழைய விலாசம் செப்டெம்பரிலேயே செத்துவிட்டது. புதிய விலாசத்தைக் கோடைகாலத்தில் எனக்கு எழுதிய கடிதமொன்றின் அடியில் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தான். நான் குறித்து வைக்கவில்லை.

ஆறாம் நாள் பிற்பகல், மரண அறிவித்தல் பகுதிக்கு வந்த விளம்பரங்களை எவரோ என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். மூன்றாவதில் அந்த அம்மாவின் பெயர் இருந்தது. அவர் கையால் எத்தனையோ நாள் உண்டவன் நான்.

அன்றிரவு தோழன் தொலைபேசியில் அழைத்தான். இன்னொருவர் மூலம் அறிந்திருந்தான். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டான்: "மச்சான், அம்மாவுக்குக் கடுமையெண்டு உனக்கு முதலே தெரியுமோ?"

"தெரியும். மெயில் போட்டனான்."

"வரேல்லை."

மறுநாள் தம்பியிடம் சொன்னேன். அவர் அஞ்சல் வழங்கியின் பதிவேட்டைத் திறந்தார். நான் அனுப்பிய நேரத்துக்கு ஐந்து விநாடி கழித்து ஒரு வரி இருந்தது. கனடாவில் இருந்த வழங்கி வாசலிலேயே 550 என்று மறுத்திருக்கிறது. முறையாகவே நடந்திருக்கிறது. எங்கள் சொந்த வழங்கி, விதிப்படி, உடனே எனக்கு ஒரு மடல் எழுதியிருக்கிறது: நீங்கள் அனுப்பிய மடலைச் சேர்ப்பிக்க முடியவில்லை. அடுத்த வரி, அந்த மடல் அழிக்கப்பட்டதற்கான பதிவு. நான் இட்ட கட்டளை.

தம்பி தன்னைக் குறைகூறிக்கொண்டார். எங்கள் சொந்த வழங்கியிலிருந்து வருவதையாவது விலக்கி வைத்திருக்கலாம் என்றார். நான் அவரைப் பேச விடவில்லை.

அந்த வாரமே பெயர்ப்பட்டியல் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. தம்பி இன்னொன்றும் செய்தார். எங்களிடமிருந்து வெளியே போகும் ஒவ்வொரு மடலின் உறையிலும், திரும்பும் விலாசத்தோடு ஓர் இரகசியக் குறியைச் சேர்த்தார். சில நாட்களில் காலாவதியாகும் குறி. திரும்பிவரும் மடலில் அக்குறி இருந்தால் அது நாங்கள் அனுப்பியது. இல்லாவிட்டால் கள்ளன் அனுப்பியது, வாசலிலேயே மறுத்துவிடலாம். திரும்பும் மடல்களுக்கு மட்டும் உறையில் அனுப்புநர் பெயர் வெறுமையாக இருக்கவேண்டும் என்பது பழைய விதி. இரண்டு வழங்கிகள் ஒரே கடிதத்தை ஒன்றுக்கொன்று முடிவின்றித் திருப்பிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள். வெறுமையான பெயரோடு வருவதை மட்டும் பிடித்துக் குறியைப் பார்த்தால் போதுமென்பதால், அந்த விதி எங்களுக்கு வாய்ப்பாகப் போயிற்று. ஆயிரங்கள் நின்றன. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ வந்தன. அவை உண்மையானவை.

பல்கலைக்கழக நிர்வாகிக்கும் தம்பி எழுதினார். நாங்கள் திருத்திவிட்டோம், நீங்களும் திருத்துங்கள் என்று. மூன்று மாதம் கழித்து அவர்களும் திருத்தினார்கள். அவர்களுக்குப் பல்லாயிரம் மாணவர்களின் பட்டியல். எங்களுக்கு நூற்றுச் சொச்சம்.

பின்னர் உலகளவிலும் பல மாற்றங்கள் வந்தன. எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப உரிமையுள்ள இயந்திரங்கள் இவை என்று பகிரங்கமாக அறிவிக்கும் எஸ்.பி.எப். முறை 2006லேயே ஆவணமாகியிருந்தது. மடலுக்கு ஒப்பமிடும் டி.கே.ஐ.எம். 2007இல் வந்தது. இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வதென்று சொல்லும் டிமார்க் 2015இல் ஆர்.எப்.சி. ஆயிற்று. 2024 பெப்ரவரியிலிருந்து ஜீமெயிலும் யாஹூவும் பெருந்தொகையாக அனுப்புவோரிடம் இவற்றைக் கட்டாயமாகக் கேட்கின்றன. "கேக்க ஆளில்லை" என்று தம்பி சொன்ன நிலை பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் கேட்கத் தொடங்குவதற்கு நாற்பது ஆண்டுகள் எடுத்திருக்கிறார்கள். இப்போது வேறொரு தொல்லை. சந்தேகப்பட்ட மடல்களைப் பல வழங்கிகள் மறுப்பதுமில்லை, திருப்புவதுமில்லை. 250 என்று வாங்கி, எவரும் பார்க்காத குப்பைப் பெட்டியில் போட்டுவிடுகின்றன. அனுப்பியவனுக்கு ஒன்றும் தெரியாது. இதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இளைஞர்கள் என்னோடு வாதாடக்கூடும்.

தம்பியும் பிற்பாடு வெளிநாடு போய்விட்டார். அங்கும் அஞ்சல் வழங்கிகளோடுதான் வேலை.

பதிவேட்டில் இருந்த அந்த இரண்டு வரிகளையும் அன்று ஒரு தாளில் அச்சிட்டுத் தரச் சொல்லி வாங்கினேன். நாள், மணி, நிமிடம், தோழனின் பழைய விலாசம், 550. அதன் கீழே என் கட்டளையால் அழிந்த மடலின் பதிவு. தாளின் அடியில், நடந்ததைப் பேனாவால் தமிழில் எழுதினேன். உறையிலிட்டு, முத்திரை ஒட்டி, ரொறன்ரோவில் அவனுடைய வீட்டு விலாசத்துக்குத் தபாலில் அனுப்பினேன். உறையின் பின்புறத்தில் என் விலாசத்தை எழுதினேன். அது திரும்பி வரவில்லை. பதினொரு வாரங்களுக்குப் பின் அவன் எழுதிய கடிதம் வந்தது. அதில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. தொலைபேசி எண்ணை மட்டும் இரண்டு தடவை எழுதியிருந்தான், மேலே ஒன்று, அடியில் ஒன்று.